கோட்டுப் போடாத படம்

இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டின நாளிலிருந்து உங்களை நான் கூப்பிட்ட பெயர் இது ஒன்றுதான். இப்படிக் கூப்பிட்டால் ஸ்ரூடியோவின் உள்ளறையிலிருந்து, "என்னப்பா, சொல்லும்" என்று பதில் வரும். ஆள் வருவதற்கு அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் ஆகும். போன வருடம் அன்றைக்கு மட்டும் பதிலும் வரவில்லை, ஆளும் வரவில்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பவும் கூப்பிட்டேன். கதிரையில் சாய்ந்தபடி இருந்தீர்கள். மடியில் லென்ஸ் துடைக்கிற துணி கிடந்தது.

வருகிற கிழமை உங்கள் ஆண்டு நினைவுப் பூசை. பங்குச் சுவாமியிடம் சொல்லிவிட்டேன். பேப்பரில் போடுவதற்கு உங்கள் படம் கேட்கிறார்கள். அந்தப் படத்தைப் பற்றித்தான் உங்களிடம் ஒன்று கதைக்க வேண்டும். சுற்றிவளைத்துத்தான் சொல்லுவேன். எனக்கு எதையும் நேரே சொல்ல வராது என்று நீங்கள்தானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள். இது படத்தோடு பேப்பருக்குப் போகிறது, அயலட்டைச் சனமும் வாசிக்கும் என்று தெரியும். வாசித்தால் வாசிக்கட்டும்.

அந்தக் கோட்டு உங்களுக்குத் தெரியும், வாசிக்கிற எல்லாருக்கும் தெரியாது. எங்கள் ஸ்ரூடியோ ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டுத் தொங்கும். மாப்பிள்ளைமார் போட்டுப் படம் எடுக்கட்டும் என்று கொழும்பிலிருந்து வாங்கிவந்தீர்கள். மெலிந்த ஆள் என்றால் முதுகுப் பக்கம் உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பைக் கொழுவி இறுக்குவீர்கள். மொத்தமான ஆளுக்கு முன்பக்கத் தெறி பூட்டாமல் விடுவீர்கள். எல்லாருக்கும் அளவான கோட்டு என்று உங்களுக்கு அதில் ஒரு பெருமை.

பிறகு சண்டைக்குள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தோம். வீடுகளோடு சேர்ந்து அல்பங்களும் போய்விட்டன. எங்கள் குருநகரில் ஆராவது கண் மூடினால் வீட்டுக்காரர் அடையாள அட்டையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் ஓடிவருவார்கள். வேறு படம் இராது. அதிலிருக்கிற முகத்தைக் கணினியில் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே எங்கள் கோட்டை வைத்து, பின்னால் நீல வானமும் இரண்டு முகிலும் போட்டுக் கொடுப்பது என்னுடைய வேலை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வலை இழுத்தவர்கள் எல்லாரும் செத்த பிறகு கோட்டோடு சுவருக்கு வந்தார்கள். எந்த வீட்டுக்குள் போனாலும் மெழுகுதிரிக்குப் பின்னால் அதே கோட்டு, அதே முகில். அதற்குப் பிறகு உயிரோடு இருக்கிற ஒருத்தனும் ஆணியில் இருந்த கோட்டைத் தொடவில்லை. கோட்டுப் போட்ட படம் என்றால் ஆள் போய்விட்டது என்று ஊருக்கே விளங்கிவிட்டது.

உங்களுக்கும் அது கண்ணில் காட்டக்கூடாது. "எனக்கும் உந்தக் கோட்டைப் போட்டீர் எண்டால், எழும்பி வந்து கழட்டுவன்" என்பீர்கள். "ஓமோம், பெட்டியை உடைச்சுக்கொண்டு வாருங்கோ, தேத்தண்ணி ஊத்தி வைக்கிறன்" என்று நான் சொல்லுவேன். எவ்வளவு சிரித்தோம். சிரிக்கிற கதையா அது?

செத்தவர்களுக்குப் படம் செய்து செய்து அலுத்துப்போய்த்தான் நீங்கள் அந்த வேலையைத் தொடங்கினீர்கள். "செத்த பிறகு படம் தேடுற சனமப்பா எங்கடை சனம். உயிரோடை இருக்கேக்கையே எல்லாரையும் ஒருக்காப் பிடிச்சு வைப்பம்." கோயில் திருநாளுக்கு முந்தின கிழமை, கோயில் மண்டபத்தில் திரையைக் கட்டி, லைற்றைப் பூட்டி, முக்காலியைப் போட்டு, வருகிற குடும்பங்களைப் படம் பிடித்தீர்கள். விலை கிடையாது. வாசலில் உண்டியல் மாதிரி ஒரு வெறும் பால்மா ரின். விரும்பினவர் விரும்பினதைப் போடலாம். சேர்கிறதெல்லாம் அந்த வருடம் கடலாலோ வருத்தத்தாலோ விழுந்துபோன ஒரு குடும்பத்துக்கு. "கடதாசிக்கும் மைக்கும் ஆர் காசு தாறது?" என்று வருடா வருடம் நான் சண்டை பிடித்தேன். வருடா வருடம் நீங்கள் காது கேளாத ஆள் மாதிரிப் போய் லைற்றைப் பூட்டினீர்கள்.

இந்த வருடம் திருநாள் வருகிறது என்றதும் நான் ஸ்ரூடியோக் கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருந்தேன். விட்டார்களா? கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் சூசை அண்ணை வந்துவிட்டார்.

"இந்த முறை அன்ரன்ரை குடும்பத்துக்கு, பிலோமினா. உன்ரை மனிசன் இல்லாட்டி என்ன, நீ இருக்கிறாய்தானே."

"எனக்குக் கமரா பிடிக்கத் தெரியாது, அண்ணை."

"இவ்வளவு வருசமாப் பக்கத்திலை இருந்தனிதானே."

"பக்கத்திலை இருந்தால் காணுமோ? உங்கடை மனிசியும் இவ்வளவு வருசமாக் கரையிலை நிண்டவதானே, நாளைக்கு அவவைப் போட் ஓட்டச் சொல்லுங்கோவன்."

வழக்கமாக இப்படி ஒன்று சொன்னால் அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளை சரியாக் கஷ்டப்படுது, பிலோமினா" என்றார். நான் கதவைத் திறந்தேன்.

அன்ரனை உங்களுக்குத் தெரியும். கோயிலுக்குப் பின் ஒழுங்கைப் பொடியன், முன்பல்லில் ஒரு துண்டு உடைந்திருக்கும். நீங்கள் போன பிறகு, வாடைக் காற்றுத் தொடங்கின நேரம் தனியே கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. வள்ளம் மட்டும் மிதந்து வந்தது. வலை அதற்குள் வைத்தபடியே கிடந்தது. தேடாத கரையில்லை. அவன் மனிசி ஜெசிந்தா இன்னும் கறுப்பு உடுக்கவில்லை. செத்தவர்களுக்கான பூசை வைக்கவும் விடவில்லை. சுகமாக வந்து சேரவேண்டும் என்றுதான் பூசைக்குக் கொடுக்கிறாள். சோறு சமைத்தால் அவனுக்கும் ஒரு கோப்பை மூடி வைக்கிறாளாம். மகளை வைத்துக்கொண்டு நண்டுக் கம்பனியில் சதை எடுக்கிற வேலைக்குப் போகிறாள். அந்தச் சம்பளத்தில் வீடு நடக்கும், வள்ளத்தின் லோன் கட்டுப்படாது. திருநாளுக்குள் கட்டாவிட்டால் வள்ளத்தை எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். "வித்துப் போட்டு நிம்மதியா இரன்" என்று எத்தனை பேர் சொல்லிப் பார்த்தார்கள். "அவர் வந்தால் எதிலை தொழிலுக்குப் போறது?" என்று கேட்கிறாள்.

சூசை அண்ணை சங்கத்தில் இருந்த அன்ரனின் அடையாள அட்டைப் பிரதியைக் கொண்டுவந்து தந்தார். "இதைப் பெரிசா ஒண்டு அடிச்சுத் தா. ரின்னுக்குப் பக்கத்திலை வைப்பம். சனம் முகத்தைப் பாத்தால்தான் கை நீளும்" என்றார். எனக்கு அன்றைக்கு முழுக்க லைற் வயர்களோடு மாரடிப்பு. எது எதற்குள் போகும் என்று தெரியாமல் நின்றேன். அந்த அவசரத்தில் மேசையில் இருந்து படத்தைச் செய்தேன். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. அடையாள அட்டை வந்தால் இந்தக் கைக்கு ஒரு வேலைதான் தெரியும். முகத்தை வெட்டினேன், கோட்டை வைத்தேன், வானத்தையும் முகிலையும் போட்டேன். பிரேம் போட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன். சூசை அண்ணையும் பார்த்தார். நல்லாயிருக்கு என்றார். அவருக்கும் கண் பழகிப்போயிருக்கிறது, பாருங்கோ.

முதல் நாள் என் பாடு பெரும்பாடு. லைற் சரியோ என்று பார்க்க நீங்கள் என்னைத்தான் முக்காலியில் இருத்துவீர்கள். "இதிலை இரும். ஆடாதையும். சோத்துப் பானையை நினையாதையும்." இப்போது ஆரை இருத்துவது? என்னுடைய கைப்பையை முக்காலியில் வைத்துப் பார்த்தேன். கைப்பை நல்ல வடிவாக விழுந்தது. அதற்குப் பிறகு வந்த சனம் ஒன்றும் வடிவாக விழவில்லை. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை விரித்துக்கொண்டு, பொலிஸில் நிற்கிற மாதிரி நின்றார்கள்.

"என்ன பிலோமினா, எல்லாருக்கும் ஐடென்ரிக் காட் படமே எடுக்கிறாய்? ஒருத்தரும் சிரிக்கினமில்லை" என்றார் ரின்னுக்குக் காவல் இருந்த சூசை அண்ணை.

"உங்கடை மூஞ்சையைப் பாத்துக்கொண்டு நிண்டால் எப்பிடி அண்ணை சிரிப்பு வரும்?"

அதற்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் கமராவை அமத்துவதற்குள் சிரிப்பு முடிந்துவிட்டது.

பின்னேரம் ஜெசிந்தா வந்தாள். கம்பனியிலிருந்து நேரே, நண்டு வாசம் போகாத கையோடு, மகளையும் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளும் வந்து ஒரு படம் எடுக்கட்டும் என்று சூசை அண்ணை சொல்லி அனுப்பியிருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். ரின் வைத்த மேசையைப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கிறாள்.

"அக்கா, ஆர் சொன்னது?"

"என்ன பிள்ளை?"

"செய்தி வந்திட்டுதோ? ஆளை எங்கை கண்டெடுத்தவை? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

எனக்கு விளங்கவில்லை. அவள் பார்த்த பக்கம் நானும் திரும்பிப் பார்த்தேன். கோட்டு. ஐயோ என்ரை மாதாவே!

"இல்லைப் பிள்ளை, ஒரு செய்தியும் வரேல்லை. ஆணையாச் சொல்லுறன். ஒண்டும் வரேல்லை."

"பிறகேன் கோட்டுப் போட்டிருக்கிறியள்?"

அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். மெல்லப் போய் பிரேமை எடுத்து, சீலைத் தலைப்பால் கண்ணாடியை ஒருக்காத் துடைத்து, முகம் கீழே இருக்கும்படி மேசையில் படுக்கவைத்தாள். "அவர் செத்தவர் எண்டு காட்டிச் சேர்க்கிற காசிலை எனக்கு வள்ளம் வேண்டாம், அக்கா" என்று சொன்னாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

"அவளும் எப்பவாவது ஒத்துக்கொள்ளத்தானே வேணும், பிலோமினா" என்றார் சூசை அண்ணை.

"வாயை மூடுங்கோ, அண்ணை. ஒத்துக்கொள்ளுறதோ விடுறதோ அது அவளின்ரை விசயம். எங்களை ஆர் கேட்டது?"

ஊர்ப் பெரிய மனிதரை இவ்வளவு சனத்துக்கு முன்னால் அப்படிச் சொன்னது பிழைதான். ஆனால் அவருக்குச் சொன்னதைவிட எனக்குத்தான் அதை அதிகமாகச் சொன்னேன். வரிசையில் நின்றவர்களை நாளைக்கு வரச்சொல்லிவிட்டு லைற்றை நிற்பாட்டினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்று அழுதேன். நீங்கள் இருந்தால் இது நடந்திருக்குமா? அந்தப் படத்தை என் மேசையில் கண்ட உடனேயே "இதென்னப்பா விசர் வேலை" என்று கேட்டிருக்க மாட்டீர்களா?

கோட்டு இல்லாமல் ஒன்று செய்வோம் என்றால் அந்த அட்டைப் பிரதியில் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது. அன்ரன் அடையாள அட்டைப் படத்துக்கு எங்களிடம்தானே வந்தவன். அது உங்கள் கணினியில் இருக்கும். நான் செத்தவர்களுக்குப் படம் செய்கிற கணினி வேறு, நீங்கள் கமராவிலிருந்து இறக்கி வைக்கிற கணினி வேறு. உங்களுடையதை இந்த ஒரு வருடமும் நான் திறக்கவில்லை. மேலே ஒரு துவாயைப் போட்டு மூடி வைத்திருந்தேன். தூசு பிடிக்காமல் இருக்க என்று எங்கள் மகனுக்கு ரெலிபோனில் சொன்னேன். தூசுக்குப் பயந்து இல்லை.

துவாயை எடுத்தேன். அன்ரன் இருந்தான். முதல் படத்தில் எல்லாரையும் போல முழிக்கிறான். அதற்கு அடுத்ததாக இன்னொன்று. அதில் உடைந்த பல்லுத் தெரியச் சிரிக்கிறான். சேட்டின் மேல் தெறி இல்லை. உங்கள் பழக்கத்தை நான் எப்படி மறந்தேன்? ஆர் வந்தாலும் கேட்ட படத்தை எடுத்துவிட்டு, "இது அரசாங்கத்துக்கு. இனி உனக்கு ஒண்டு" என்று சொல்லி ஒன்று கூடுதலாக எடுப்பீர்கள். கேளாத படம், அச்சடிக்காத படம், காசு வராத படம். "உதுகளைச் சேர்த்து வைச்சு என்ன செய்யப் போறியள்?" என்று எத்தனை தரம் ஏசினேன்.

அன்ரனோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாருடைய இரண்டாவது படத்திலும் எல்லாரும் சிரிக்கிறார்கள். எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். கமராவைப் பார்க்கவில்லை, அதற்கு இடப்பக்கம் பார்க்கிறார்கள். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது? என்னுடைய கதிரை. "அங்காலை பார் தம்பி, என்ரை மனிசி என்னைத் தின்னுற மாதிரிப் பாக்கிறா." அப்படிச் சொல்லித்தானே எல்லாரையும் சிரிக்கவைத்தீர்கள். ஊரில் முக்கால்வாசிச் சனம் என்னுடைய உம்மென்ற முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி உங்கள் கணினிக்குள் இருக்கிறது. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. உங்கள் கதிரையிலேயே இருந்து குழறி அழுதேன். உங்களைக் கொண்டுபோய்ச் சேமக்காலையில் அடக்கம் பண்ணின அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

அடுத்த நாள் காலை அன்ரனின் சிரித்த படத்தைக் கொண்டு ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். வேலைக்குப் போக வெளிக்கிட்டு வாசலில் நின்றாள். படத்தைக் கையில் கொடுத்தேன்.

"இது எப்ப எடுத்தது, அக்கா?"

"ஐடென்ரிக் காட்டுக்கு வந்தண்டு. இவர் எப்பவும் ஒண்டு கூட எடுக்கிறவர்."

"ஏன் அங்காலை பாக்கிறார்?"

"அங்காலை நான் இருந்தனான். என்ரை மூஞ்சையைப் பாத்துத்தான் உந்தச் சிரிப்பு."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு வாயிலேயே உடைந்துபோனது. படிக்கட்டில் இருந்துவிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். படத்தில் தெறி இல்லாத இடத்தை விரலால் தடவித் தடவி, "அண்டைக்கு நான் ஏசினனான், தெறி தைக்காத சேட்டோடை போறார் எண்டு" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. வருவாரோ?"

இப்படி ஒரு கேள்வியை உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மை என்னவென்றும் எனக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியாது, பிள்ளை. இனி வரவே மாட்டார் எண்டு தெரிஞ்ச ஒருத்தருக்கு நானும் பின்னேரத்திலை தேத்தண்ணி ஊத்தி வைக்கிறனான். அதாலை உன்னட்டை ஒண்டும் சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் கோட்டுப் போட்டது என்ரை பிழை. உன்னைக் கேக்காமல் செய்தது அதைவிடப் பெரிய பிழை. காசை வேண்டாம் எண்டு சொல்லாதை. அது செத்தவீட்டுக் காசில்லை. அன்ரன் வந்தால் வள்ளம் நிக்கவேணும். அது நிக்கிறதுக்குத்தான் அந்தக் காசு."

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினாள். ஆனால் படத்தைத் திருப்பித் தரவில்லை.

கடைசி நாள் மண்டபத்துக்குப் போனபோது வாசலில் அவளும் மகளும் எனக்கு முதலே வந்து நின்றார்கள். மகளுக்குத் திருநாள் சட்டை. அன்ரனின் படத்தை ஜெசிந்தா தானே கொண்டுபோய் ரின்னுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தாள். நான் லைற்றைப் பூட்டிவிட்டுக் கைப்பையை எடுக்க, "பையை வையுங்கோ அக்கா, நான் இருக்கிறன்" என்று சொல்லி முக்காலியில் வந்து இருந்தாள். என்னையறியாமல் என் வாயில் உங்கள் கதைதான் வந்தது. "இதிலை இரு. ஆடாதை. சோத்துப் பானையை நினையாதை." அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே வேறு ஆருடையதோ போலக் கேட்டது.

லைற் சரி வந்தது. மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்பாட்டினாள். பிறகு தான் கொஞ்சம் ஒதுங்கி இருந்தாள். "இந்தப் பக்கம் அவருக்கு இடம் விட்டு எடுங்கோ, அக்கா." வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுக் கமராவைத் திருப்பினேன். முதல் படத்தில் இரண்டு பேரும் நேரே பார்த்தார்கள். கண் நிறையத் தண்ணீர்.

"இனி உனக்கு ஒண்டு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர எப்படிச் சிரிக்கவைப்பது என்று தெரியாமல் நின்றேன். கமராவுக்கு இடப்பக்கம், பழக்கத்தில் மண்டபத்திலும் போட்டுவைத்த என் கதிரை வெறுமையாகத்தான் கிடக்கும் என்று நினைத்தேன். பார்த்தால் சூசை அண்ணை. விடிய எழும்பி வந்த களைப்பில் என்னுடைய கதிரையில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி குறட்டை விடுகிறார். மீசையில் ஒரு இலையான் பறந்து வந்து குந்தியிருக்கிறது. ஜெசிந்தாவின் மகள்தான் முதலில் கண்டாள். அவள் களுக்கென்று சிரிக்க, தாய் திரும்பிப் பார்த்தாள். தாயும் சிரித்தாள். நான் அமத்தினேன்.

அந்தப் படம் இப்போது எனக்கு முன்னால் இருக்கிறது. இரண்டு பேரும் இடப்பக்கம் பார்த்துச் சிரிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து நான் செய்த படங்களில் வெட்டி ஒட்டாமலே சரியாக வந்தது இதுதான்.

போகும்போது ஜெசிந்தா இடுப்பில் செருகியிருந்த காசை எடுத்து ரின்னுக்குள் போட்டாள். சிரிப்புச் சத்தத்தில் எழும்பியிருந்த சூசை அண்ணை பதறிப்போய், "நீ ஏன் பிள்ளை போடுறாய்? உனக்குத்தானே சேர்க்கிறம்" என்றார். "படம் எடுத்தனான்தானே, அண்ணை. எல்லாரும் போடுகினம்" என்றாள். அதைக் கண்ட பிறகு சனம் ரின்னில் போட்ட போடு வேறு. நீங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும். அந்தக் காசில் லோனைக் கட்டினோம், வள்ளத்தை எடுக்க ஒருவரும் வரவில்லை. அது கரையில் கயிற்றோடு நிற்கிறது. கம்பனியால் வரும்போது அதற்குள் தேங்கி நிற்கிற மழைத் தண்ணியை அவள் அள்ளி ஊற்றுவதைக் காண்கிறேன். அன்ரன் வரவில்லை.

இனி உங்கள் படத்துக்கு வருகிறேன்.

போன வருடம் நீங்கள் போன அன்றைக்கே பேப்பருக்குப் படம் கேட்டார்கள். பிரேம் போட்டுப் பெட்டிக்குத் தலைமாட்டில் வைக்கவும் ஒன்று வேண்டும் என்றார்கள். ஊரில் அதைச் செய்யத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். எல்லாரும் முன் விறாந்தையில் அழுதுகொண்டிருக்க, நான் மேசையில் இருந்து உங்கள் முகத்தை வெட்டினேன். கோட்டை வைத்தேன். வானமும் முகிலும் போட்டேன். முகில் சரியாக விழவில்லை என்று திரும்பவும் போட்டேன். இந்தக் கொடுமை எந்த மனிசிக்கு வந்திருக்கிறது, சொல்லுங்கோ?

அன்றைக்கு என் கைதான் செய்தது என்று வைத்துக்கொள்ளுவோம். அதற்குப் பிறகு ஒரு வருடம் இருந்ததுதானே. ஒவ்வொரு நாளும் மெழுகுதிரி கொளுத்தும்போது அந்தக் கண்டறியாத கோட்டைப் பார்க்கிறேன்தானே. மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. ஜெசிந்தாவிடமும் இதைச் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் முதலில் சொல்லுகிறேன். எழும்பி வந்து கழட்டுவன் என்று சொன்னீர்கள்தானே. வருவீர்களோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசர்தான். தெரியும். அவள் சோற்றை மூடி வைக்கிறாள், நான் கோட்டைக் கழட்டாமல் வைத்திருந்தேன்.

அன்ரனின் படத்தைத் தேடின அன்றைக்கு உங்கள் கணினியில் இன்னொரு படமும் கண்டேன். புதுக் கமரா வந்த அன்று, "ஒருக்கா நீரும் பிடிச்சுப் பாரும்" என்று என் கையில் அதைத் திணித்துவிட்டு முக்காலியில் போய் இருந்தீர்கள். "எனக்கு உந்தச் சாமான் வேண்டாம், உலையிலை அரிசி கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே அமத்தினேன். நீங்கள் அதை அழித்திருப்பீர்கள் என்று நினைத்தேன். பெனியனோடு இருக்கிறீர்கள். தோளில் துவாய். சவரம் செய்யவில்லை. சிரிக்கிறீர்கள். ஆனால் மற்ற எல்லாரும் பார்க்கிற பக்கத்தை நீங்கள் பார்க்கவில்லை. நீங்கள் ஒருத்தர்தான் நேரே கமராவைப் பார்க்கிறீர்கள். அன்றைக்கு நான் கதிரையில் இல்லைத்தானே. கமராவுக்குப் பின்னால் நின்றேன்.

சுவரில் இருந்ததை இறக்கிவிட்டேன். பேப்பருக்கும் பூசைக்கும் இந்தப் பெனியன் படம்தான் போகிறது. சூசை அண்ணை வந்து பார்த்துவிட்டு, "என்ன பிலோமினா, மரியாதையா ஒண்டு போடக்கூடாதோ?" என்றார். "அவருக்கு இதுதான் மரியாதை" என்றேன். ஆணியில் இருந்த கோட்டையும் எடுத்துத் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறேன். காய்ந்ததும் கோயிலுக்குக் கொடுக்கப் போகிறேன், உயிரோடு இருக்கிற ஆராவது போடட்டும்.

இனி இந்தக் கையால் ஒருத்தருக்கும் கோட்டு வைக்க மாட்டேன். செத்தவீட்டுக்காரர் வந்தால் உங்கள் கணினியைத் திறந்து அந்த இரண்டாவது படத்தைத் தேடிக் கொடுப்பேன். வருகிற திருநாளுக்கும் மண்டபத்தில் லைற்றைப் பூட்டுவேன். வருகிற ஒவ்வொருத்தருக்கும் ஒன்று கூட எடுப்பேன். கடதாசிக்கும் மைக்கும் ஆர் காசு தாறது என்று என்னைக் கேட்க இனி ஆள் இல்லை.

நீங்கள் எழும்பி வரவேண்டாம். கோட்டை நானே கழட்டிவிட்டேன்.

தேத்தண்ணி ஆறுகிறது,
உங்கடை மனிசி,
பிலோமினா